தாத்தாப்பா

அப்பா வருவதற்குள் மூக்கு திறந்துவிட வேண்டும். பிரம்மசக்திக்கு இப்போதைக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். நாளைக் காலை பத்து மணிக்கு ரியல் அனாலிசிஸ் கணக்குப் பரீட்சை, அதில் இரண்டு பாடம் இன்னும் புரட்டாமல் கிடக்கிறது, அதுகூட அப்புறம்தான். முதலில் மூக்கு. மணி மூன்றேகால் ஆகிவிட்டது, நாலு மணிக்கு அப்பாவும் மாமாவும் விடுதி வாசலில் வந்து நின்றுவிடுவார்கள், அதற்குள் குரல் பழைய குரலாகிவிட வேண்டும், யப்பா, எனக்கு ஒண்ணுமில்ல, வெறும் சளி என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அவர்கள் எதிர்க்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். சொல்ல முடியாவிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு பிடிப்பார்கள். அதனால்தான் பாளையங்கோட்டை வெயில் மண்டையைப் பிளக்கிற இந்த நேரத்தில், விடுதியின் கீழ்த்தளத்தில் நோயாளி அறை என்று பெயர் எழுதிய அந்தச் சின்ன அறையில், இரும்புக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஸ்டூலின் மேல் மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த கொதிநீர்ச் சட்டியை வைத்து, தலையிலிருந்து முழங்கால் வரை ரெஜினாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்திருந்தாள். ரெஜினா அறைத்தோழி, தூத்துக்குடிக்காரி, எதையும் மிரட்டித்தான் சொல்லுவாள். "பத்து நிமிசத்துக்குத் தலைய வெளிய நீட்டுன, கொன்னுருவேன். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிடுதேன், ஒங்கப்பா வந்தா குரல் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தாள். கம்பளிக்குள் அரையிருட்டு. மஞ்சள்தூளும் தைலமும் போட்ட தண்ணீர் என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது, மூக்குக்குத் தெரியவில்லை.

எல்லாம் ஒரே ஒரு எழுத்தால் வந்த வினை. நேற்றுச் சாயங்காலமும் இதே மாதிரி கம்பளிக்குள் இருந்தபோதுதான் அம்மா போன் பண்ணினாள். ரெஜினா எடுத்தாள், எடுத்தவள் சும்மா இல்லாமல், "ஆன்ட்டி, சக்தி ஆவி பிடிச்சிக்கிட்டு இருக்கா" என்று சொன்னாள். இதில் என்ன தப்பு, ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஊரில் அம்மா சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில் நாலு படி ஏறி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் மோட்டார் ஓட, பேசுகிறவள். அவள் காதில் சக்தி என்பது சக்திய என்று விழுந்தது. சக்திய ஆவி பிடிச்சிக்கிட்டு இருக்கா. நடுவில் ஒரு ய. அவ்வளவுதான், பிடித்தவள் பிடிபட்டவளாகிவிட்டாள். அப்போதுகூடச் சமாளித்திருக்கலாம். கம்பளிக்குள்ளேயே போனை வாங்கி, யம்மா என்று கூப்பிட்டாள். மூக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து அடைத்தது மாதிரி இருந்ததே, ம என்கிற எழுத்து வாயிலேயே செத்து ப ஆகித்தானே வெளியே போகும். யப்பா என்று போனது. அம்மா, "யாரு? யாரு பேசுதது?" என்றாள். நாந்தாம்மா என்றாள் இவள். நம்பாதவர்கள் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்கலாம். தாத்தாப்பா என்றுதான் வரும். அந்தப் பக்கம் படிக்கட்டில் என்னவோ விழுந்த சத்தம் கேட்டது, பிறகு மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது, அம்மா இல்லை.

தாத்தா செத்து எட்டு வருஷம் ஆகிறது. அப்பாவின் அப்பா. அவர் சாகும்போது இவள் ஆறாம் வகுப்பு. வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சே கிடையாது, செத்த பிறகு மட்டுமில்லை, இருந்தபோதும்தான். அப்படிப்பட்டவர் நேற்று ஐந்தரை மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து போனில் பேசிவிட்டார். பிறகு இவள் பத்துத் தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ராத்திரி அப்பாவிடமிருந்து வார்டனுக்குத்தான் போன் வந்தது, நாளைக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறோம், அவளை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம். அந்தக் கடைசி வாக்கியத்தில் மாமாவின் கை இருந்தது. மாமா இதற்கென்றே பிறந்தவர். யாருக்கு எது பிடித்தாலும் அவருக்கு ஆள் தெரியும். ஆற்றங்கரையில் ஒருவர் இருக்கிறாராம், நாற்பத்தோரு நாள் அங்கேயே தங்க வேண்டுமாம், தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி இறக்கிவிடுவாராம். தலைக்குத் தண்ணீர்! ஏற்கெனவே உள்ளே நீர் கோத்திருக்கிறது என்றுதானே பத்தாம் வகுப்பிலிருந்து ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தோரு நாள் போனால் பரீட்சை போச்சு, அடுத்த செமஸ்டருக்கு வருகைப் பதிவு போச்சு. நாற்பத்திரண்டாவது நாள் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பேய் பிடித்து இறங்கிய பிள்ளையை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். மாமாவுக்கு மாப்பிள்ளையும் தெரியும்.

ஆகவே மூக்கு. உறிஞ்சினாள். ஒன்றும் போகவில்லை. இடது பக்கம் ஊசித் துவாரம் அளவுக்குக் காற்று போனது மாதிரி ஒரு பிரமை, மறுபடி உறிஞ்சியபோது அதுவும் இல்லை. ம் என்று சொல்லிப் பார்த்தாள், ப் என்று வந்தது. வாயால் மூச்சு விட்டாள். நீராவி தொண்டையில் இறங்கிச் சுட்டது. நெற்றியிலிருந்து வேர்வை புருவத்துக்கு வந்து நின்று யோசித்து, மூக்கு நுனிக்கு வந்து சட்டிக்குள் விழுந்தது, அது விழும் சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு இடத்தைப் போய்த் தொட்டது. ஐயோ, அங்கே வேண்டாம். இன்றைக்கு வேண்டாம். அந்த இடம் அவளுக்குத் தெரியும். ஒரு புளியங்கொட்டை அளவு இடம். அங்கே யாரோ விரலை வைத்து, அழுத்தாமல், சும்மா வைத்துக்கொண்டிருப்பது மாதிரிதான் முதலில் இருக்கும். பிறகு அழுத்த ஆரம்பித்தால் ஆறு மணிநேரம், சில சமயம் ஒரு பகல் ஒரு ராத்திரி. வலது கண்ணில் நீர் வடியும், வலது மூக்கு ஒழுகும், இடது பக்கம் ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். சைனஸ் என்றார் மருந்துக்கடைக்காரர், சைனஸ் என்றார் பி.டி. மாஸ்டர், சைனஸ்லாட்டி என்றாள் அம்மா, அந்த வார்த்தை என்னவென்றே தெரியாமல். சளிக்கும் தலைவலிக்கும் மூன்று வருஷமாக மாத்திரை தின்கிறாள். விரல் இன்னும் அழுத்தவில்லை. வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதுவாக எடுத்துவிட்டால் நல்லது. அதைப் பற்றி நினைக்காமல் இருந்தால் எடுத்துவிடும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள், நினைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைப்பதும் நினைப்பதில் சேருமா என்பதில்தான் எப்போதும் கணக்கு உதைக்கும்.

அப்போதுதான் வாசனை வந்தது. மஞ்சளும் தைலமும் இல்லை, அந்த வாசனை. விறகு எரிந்துகொண்டிருக்கிற அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால் புஸ்ஸென்று சாம்பல் எழும்பி ஒரு வாசனை வருமே, நனைந்த சாம்பல், கரி, கொஞ்சம் மண், அது. பிளஸ் டூவில் வேதியியல் வகுப்பில்தான் முதலில் வந்தது. பக்கத்துப் பிள்ளையிடம், "எங்கயோ அடுப்ப அணைச்சிருக்காவ, வாசன வருதா?" என்று கேட்டாள். அவள் மூக்கைச் சுளித்து மோந்து பார்த்துவிட்டு இவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். முக்கால் மணிநேரம் கழித்துத் தலைவலி வந்தது. அதிலிருந்து எப்போதும் அப்படித்தான், முதலில் அடுப்பு அணையும், முக்கால் மணிநேரத்தில் தலை பிளக்கும். யாருக்கும் அந்த வாசனை வராது. யாரிடமும் அவள் கேட்பதில்லை. ஆனால் இதுவரை தோன்றாத ஒன்று இன்றைக்குக் கம்பளிக்குள் தோன்றியது. மூக்குத்தான் அடைத்திருக்கிறதே. கொதிக்கிற தைலம் ஒரு சாண் கீழே கிடக்கிறது, அது மணக்கவில்லை. மஞ்சள் மணக்கவில்லை. ரெஜினாவின் கம்பளி ஒரு வருஷமாகத் துவைக்காதது, அது மணக்கவில்லை. இது மட்டும் எந்த வழியாக வருகிறது? எந்த மூக்கால் மணக்கிறது? கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கை இறுகப் பிடித்துப் பார்த்தாள். வாயையும் மூடினாள். மூச்சே இல்லை. வாசனை அப்படியே இருந்தது.

போன மாதம் ஒரு அக்கா வந்தாள், மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவள், ஒல்லி, தோளில் பை, கையில் ஒரு கட்டுப் படிவம். மாணவிகளுக்குத் தலைவலியும் மூக்குத் தொந்தரவும் சேர்ந்து வருகிறதா என்று கணக்கெடுக்கிறாளாம். மெஸ்ஸில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். தலைவலி ஒரு பக்கமா இரு பக்கமா, வெளிச்சம் பிடிக்காதா, சத்தம் பிடிக்காதா, வலிக்கும்போது மூக்கு அடைக்குமா, ஒழுகுமா, எந்தப் பக்கம். அக்கா இவள் தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "சைனஸ்னு யாரும்மா சொன்னா?" "எல்லாருந்தான்." "எக்ஸ்ரே எதுவும் எடுத்தாங்களா?" "இல்ல." "மூக்குனால தலை வலிக்குதுன்னு நெனச்சிக்கிட்டிருக்க. எனக்கென்னமோ தலைவலியாலதான் ஒனக்கு மூக்கு ஒழுகுதுன்னு தோணுது. ரெண்டுக்கும் உள்ள நரம்பு ஒண்ணுதான், அது ஒரு பக்கம் கிளம்புனா கண்ணு, மூக்கு எல்லாத்தையும் இழுத்துவிட்டுரும். ஒத்தத் தலைவலியா இருக்கும். ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டு." இவளுக்கு அது அன்றைக்குப் பிடித்திருந்தது, தேற்றத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல. பிறகு கடைசிக்கு முந்தின கேள்வி வந்தது. தலைவலி வருவதற்கு முன் இல்லாத வாசனை ஏதாவது வருவதுண்டா? ஆம், இல்லை. அக்கா பேனாவோடு காத்திருந்தாள். எதிரே ரெஜினா சாம்பாரைப் பிசைந்துகொண்டு இவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று டிக் போட்டாள். ஏன் போட்டாள் என்று அன்றிலிருந்து யோசிக்கிறாள். போட்ட உடனே அக்கா, "சில பேருக்கு வரும், அது மூக்குல வர்றதில்ல, மூளையில வர்றது, பயப்பட ஒண்ணுமில்ல" என்று தாளை மடித்துக்கொண்டே சொன்னாள், யாருக்கோ சொல்வதுபோல. மூளையில் வருகிறதாம். அப்படியென்றால் சரிதான், மூக்கைப் பிடித்தால் நிற்காதுதான். ஆனால் மூளைக்குள் அடுப்பு எங்கே இருக்கிறது. அடுப்பு இருந்தால் அதை மூட்டுவது யார், தண்ணீர் ஊற்றுவது யார். பயப்பட ஒண்ணுமில்ல என்பதைச் சொல்கிறவர்களைப் பார்த்துத்தான் எப்போதும் பயமாக இருக்கிறது.

கம்பளிக்கு வெளியே மின்விசிறி கடகடத்தது. எங்கேயோ ஒரு காகம் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தாள், ஹா என்று சத்தம் வந்தது, வெளியே விட்டாள், ஹா. அதற்கு நடுவில் மெல்லிசாக ஒரு சீழ்க்கைச் சத்தம். வாயால் விடும் மூச்சில் அந்தச் சத்தம் வராது. அது மூக்கால் விடுகிற மூச்சு, வயசானவர்கள் தூங்கும்போது வருமே, அது. மூச்சை அடக்கினாள். சத்தம் இல்லை. விட்டாள். இருந்தது, இவள் மூச்சுக்கு அரை நொடி பின்னால். என் மூக்காகத்தான் இருக்கும், திறந்துகொண்டு வருகிறது, நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டாள். ம் சொல்லிப் பார்த்தாள். ப். திறக்கவில்லை. அப்போது இது எதன் சத்தம் என்று கேட்காமல் இருக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தாள், பதினேழில் எண்ணிக்கை நழுவியது. நான் பைத்தியம் இல்லை. பிடித்ததும் இல்லை. ஆனால் பிடித்தவர்களும் இதைத்தானே சொல்லுவார்கள், எனக்கு ஒண்ணுமில்ல, வெறும் சளி. ஆவி பிடித்திருப்பதை ஆவி பிடித்தவளால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும். முரண்பாட்டால் நிரூபிக்கலாம். எனக்குப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்துக்கொண்டால் அடுத்த வரி என்ன? வாசனை எனக்கு மட்டும் வரும். சரி. குரல் என் குரலாக இருக்காது. சரி. எனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அங்கே முரண்பாடு வந்துவிடும், எனக்குத் தெரியாதது ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆகவே பிடிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குள் ஒரு குரல் வந்தது, வெளியிலிருந்து வரவில்லை, பழைய குரல், கரகரத்த குரல். "அடுப்புல தண்ணி ஊத்துனது எவட்டி?"

தாத்தா. தொழுவத்தை ஒட்டிய அறையில், கயிற்றுக் கட்டிலில், ஈரத்துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு கிடப்பார். மாதத்தில் நாலைந்து நாள் அப்படித்தான். ஜன்னலில் சாக்கு தொங்கும். அந்த நாளில் வீட்டில் பாத்திரம் உருளக்கூடாது, பிள்ளை அழக்கூடாது, செருப்புச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது. தலையில் நீர் கோத்திருக்கிறது என்பார்கள். அப்படிப் படுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், நன்றாக வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று நிமிர்ந்து கேட்பார், அடுப்புல தண்ணி ஊத்துனது எவட்டி, ஊத்தாதியன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன். வீட்டில் காஸ் அடுப்பு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மா உள்ளே நின்று, கிழவனுக்குப் புத்தி பிசகிட்டு என்று முணுமுணுப்பாள். இவளும் சிரித்திருக்கிறாள். எட்டு வயசோ ஒன்பது வயசோ, ஒரு நாள் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். செம்பை வாங்காமல் இவள் முகத்தையே பார்த்தார். வலது கண் மட்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வலது மூக்கைத் துண்டால் துடைத்தார். "ஒனக்கும் வருதா பிள்ள?" என்றார். என்ன வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. "இல்ல" என்றாள். "வரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கம்பளிக்குள் பிரம்மசக்தி தன் வலது கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இது எப்படி இத்தனை வருஷம் மறந்திருந்தது, இன்றைக்கு ஏன் வருகிறது, இது எனக்குத் தெரிந்ததா தெரியாததா. வலது கண், வலது மூக்கு, சாம்பல். அந்த அக்கா தாளில் இன்னொரு கேள்வியும் இருந்ததே, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று. அதற்கும் இல்லை என்றுதான் போட்டாள். தாத்தா போகவே இல்லை. எட்டு வருஷமாக இதே இடத்தில், இந்தப் புளியங்கொட்டை அளவு இடத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அம்மாவுக்கு எழுத்துத்தான் தப்பாகக் கேட்டது, ஆள் தப்பில்லை.

இதை அப்பாவிடம் சொல்ல முடியுமா. யப்பா, தாத்தாவுக்கு இருந்தது வியாதி, அது எனக்கு வந்திருக்கிறது, மாத்திரை இருக்கிறது. அப்பாவிடம் தாத்தா என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவார். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, பிளீச்சிங் பவுடர் கலக்குகிறவர் அவர், எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்பதைத் தவிர வேறு பேச்சு அவரிடம் குறைவு. பத்தாம் வகுப்பில் பெயிலானவர். ஏன் பெயிலானார் என்று அம்மாதான் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஒங்கப்பா வெளக்கில்லாம பெயிலானவருல்லா." மறுநாள் கணக்குப் பரீட்சை. விளக்கு வைக்கிற நேரத்துக்கே தாத்தா படுத்துவிட்டார். ஒரே அறை, ஒரே அரிக்கேன். வெளக்க அணைலே, கண்ணுக்குள்ள குத்துது என்றாராம். அணைத்தார். நாளைக்குப் பரீச்சைப்பா என்று ஒரு வார்த்தை சொன்னாராம், பரீச்சையும் மயிரும் என்று பதில் வந்ததாம். விடிகிற வரை இருட்டில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, தாத்தாவுக்குத் துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தாராம். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. தாத்தா சாகிற வரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, தானாக ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இவளைக் கல்லூரியில் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அறைக்குள் வந்து முதலில் பார்த்தது டியூப்லைட்டைத்தான், இரண்டு தடவை போட்டு அணைத்துப் பார்த்தார், எரியுது என்றார். அன்றைக்கு அது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

கதவு திறந்தது. ரெஜினா குரல் கொடுக்கவில்லை. ரெஜினாதானே என்று நினைத்து, எத்தனை நிமிஷம் ஆச்சு என்று கேட்க வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள், ஏனென்றால் நடை ரெஜினாவின் நடை இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வெறுங்கால், அதுவும் குதிகால் தரையில் படாமல் முன்காலால் நடக்கிற நடை. கம்பளியின் விளிம்புக்குக் கீழே தரை ஒரு முழம் தெரிந்தது. அங்கே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெடித்த விரல்கள், நகக்கண்ணில் வெள்ளை. அப்பா. முன்னாடியே வந்துவிட்டார். வெளியே மாமாவின் குரல் வார்டனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது, ஒருவருக்குத்தான் அனுமதி என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். இதோ சொல்ல வேண்டிய நேரம். யப்பா எனக்கு ஒண்ணுமில்ல. ம் சொல்லிப் பார்த்தாள், சத்தமில்லாமல். ப். கடவுளே. பாதங்கள் திரும்பின. ஜன்னலுக்குப் போயின. கதவை ஒவ்வொன்றாக, கொக்கி உரசாமல் சாத்தினார். மின்விசிறியை அணைத்தார். கம்பளிக்கு வெளியே இருந்த வெளிச்சம் குறைந்தது, சத்தம் நின்றது, அவள் யாரிடமும் கேட்டதில்லை அதை, கண்ணுக்குப் பின்னால் அழுத்தத் தொடங்கியிருந்த விரல் ஒரு நிமிஷம் தளர்ந்தது. குழாயில் தோள்துண்டை நனைத்துப் பிழியும் சத்தம். பிறகு அவர் தரையில் உட்கார்ந்தார், முழங்கால் தெரிந்தது. பிழிந்த துண்டு கம்பளியின் விளிம்புக்குக் கீழே மெல்ல உள்ளே வந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

"யப்பா" என்றார். அவள் அவரைக் கூப்பிடுகிற மாதிரியே அவரும் கூப்பிட்டுப் பார்க்கிறாரோ என்று ஒரு நொடி நினைத்தாள். "எப்ப வந்திய?" என்றார். வந்திய. பிறந்ததிலிருந்து அவளை அவர் அப்படிக் கேட்டதில்லை, எப்ப வந்த என்றுதான் கேட்பார். மரியாதை கொடுத்துப் பேசும் அந்த ஒரு எழுத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. எதிரே இருப்பவரின் கண்ணுக்கு இந்தக் கம்பளிக்குள் மகள் இல்லை. அழுகை வந்தது, பயத்தில் இல்லை, அவரைப் பார்த்துப் பாவமாக வந்தது, நாந்தாம்பா என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது, தாத்தாப்பா. "தெரியும்" என்றார் அப்பா. "நேத்தே தெரியும். சக்தி அம்ம சொல்லும்போதே தெரியும்." முழங்கால் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தது. "நான் ஒங்களுக்கு என்ன கொறை வச்சேன்? சொன்னதெல்லாம் கேட்டேம்லா. இந்தப் பிள்ளைய விட்டுருங்க. அவ படிக்கிற பிள்ள. ஒங்களுக்கு என்ன வேணும்னு எங்கிட்ட கேளுங்க, நான் செய்யுதேன்." என்ன வேணும். பத்தொன்பது வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அப்பாவிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் நடிக்கவில்லை, யோசிக்கவும் இல்லை, அவளுக்கு வேண்டியது ஒன்றுதான் இருந்தது, பரீச்சை எழுதணும் என்றுதான் சொன்னாள். ண வாயில் நிற்கவில்லை, ட ஆகிவிட்டது. அவர் காதில் விழுந்தது இப்படித்தான்: "பரீச்சை எழுதட்டும்."

வெளியே மாமா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். இங்கே அப்பாவின் முழங்காலின் மேல் இருந்த கை மெதுவாகக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது, விரல்களை விரித்துத் தரையில் ஊன்றிக்கொண்டது. அப்பா அழுது அவள் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்கவில்லை, கேட்டாள். சின்னப் பையன்கள் அழுகிற மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார்.

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா யப்பா" என்றார்.

பிறகு எழுந்தார். "சரி. எழுதட்டும். நான் மச்சான்ட்ட சொல்லிக்கிடுதேன், பிள்ள எங்கயும் வரமாட்டா" என்றார். போகாமல் நின்றார், பதிலுக்கு ஒரு வார்த்தை வரும் என்று நிற்கிறார் போல. அப்போதுதான் வலது மூக்கு பொட்டென்று திறந்தது, பின்னாலேயே இடதும். காற்று ஜில்லென்று தலை வரைக்கும் ஏறியது. மஞ்சள் மணத்தது, தைலம் மணத்தது, ரெஜினாவின் கம்பளி நாறியது, எல்லாவற்றுக்கும் மேலே, கையில் இருந்த ஈரத்துண்டில் பிளீச்சிங் பவுடர் வாசனை, அப்பாவின் வாசனை. இப்போது சொன்னால் சரியாக வரும். யப்பா, நாந்தான், சக்தி. ஒரு எழுத்துப் பிசகாது. பிரம்மசக்தி துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, பாதங்கள் கதவைத் தாண்டிப் போகும் வரைக்கும், சத்தம் வெளியே வராமல் மூச்சு விட்டாள்.